ஆண்டுகள் மட்டும் போதுமா?

அனுபவமே சிறந்த ஆசான் என்பார்கள். ஆனால், அனுபவம் உள்ள அனைவரும் வல்லுநர்கள் ஆகிவிடுகிறார்களா?

கேலாங் வட்டாரத்தின் கில்லமார்ட் சாலையில் 1952ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூப்பந்து மண்டபம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் இங்குப் பூப்பந்து ஆடியவர்கள் பலர். பல ஆண்டுகள் ஆடியவர்களும் பலர். எனினும், வோங் பெங் சூன் போன்ற வெகு சிலரே உலகப் புகழ் பெற்றனர். அவர் 1950, 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். முப்பத்தைந்து வயதைக் கடந்தபின், 1955இல் மீண்டும் வென்றார். தம்மைவிட இளையவர்களை எதிர்கொள்ள அவருக்குக் கைகொடுத்தவை துல்லியமான கால் அசைவும் பின்கை அடியும். இவை வெறும் ஆண்டுக்கணக்கால் மட்டும் வருபவை அல்ல.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். சிறந்து விளங்கிய மாணவர்கள், தனியே அமர்ந்து குறைகளைத் திருத்தும் பயிற்சியில் மற்றவர்களைவிட அதிக நேரம் செலவிட்டிருந்தனர்.

ஒரு வேலை ஓரளவு கைவந்ததும் அதைச் சிந்திக்காமலே செய்யத் தொடங்கிவிடுகிறோம். நாள்தோறும் தட்டச்சு செய்பவரின் வேகம் ஒரு கட்டத்திற்குமேல் கூடாமல் நிற்பது இதனால்தான். பழக்கம் வேலையை எளிதாக்குகிறது. ஆனால், வளர்ச்சியை நிறுத்தியும் விடுகிறது.

அப்படியென்றால் அனுபவம் வீணா? இல்லை. பந்து எங்கே விழும் என்பதை முன்கூட்டியே உணரும் திறன், பல ஆட்டங்களை ஆடியவருக்கே வாய்க்கும். அனுபவம் விதை நெல்லைப் போன்றது. விதைத்துப் பேணினால்தான் விளைச்சல் கிடைக்கும். மூட்டையிலேயே கிடந்தால் பயனில்லை.

மாணவர்களுக்கும் இது பொருந்தும். திருத்தப்பட்ட கட்டுரை கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் வைப்பவர், பத்துக் கட்டுரைகள் எழுதினாலும் அதே பிழைகளைத்தான் செய்வார். ஆசிரியர் சுட்டிய ஒரு பத்தியையாவது மீண்டும் எழுதிப் பார்ப்பவர், மூன்றே கட்டுரைகளில் முன்னேறுவார்.

பணியிடத்திலும் இதே நிலைதான். தொழில்நுட்பம் மாறும்போது, பல ஆண்டு அனுபவம் மட்டுமே ஒருவரைக் காப்பாற்றாது. 2015இல் தொடங்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம், பணியில் இருப்பவர்களையும் தொடர்ந்து கற்க ஊக்குவிப்பது இதனால்தான்.

எனவே, “எத்தனை ஆண்டுகள் செய்தேன்?” என்று எண்ணுவதோடு நின்றுவிடக்கூடாது. “சென்ற முறை செய்த எந்தப் பிழையை இம்முறை திருத்தினேன்?” என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவரே வல்லுநராக வளர்கிறார்.