வேலை போன பின்பா, போகும் முன்பா?

மத்திகிரியை அடுத்த ஓசூர் ஆலைகளில் இன்று மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் ஓலா ஆலை 2021ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. புகையில்லா வாகனங்களை நாம் வரவேற்கிறோம். ஆனால் மின்மோட்டாருக்குப் பிஸ்டனும் வேண்டாம், சைலன்சரும் வேண்டாம். அவற்றைச் செய்து பிழைக்கும் சிறுபட்டறைத் தொழிலாளருக்கு என்ன வழி?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் ஊதியத்தை நிர்வாகம் மறுபயிற்சி நிதியில் செலுத்த வேண்டும். நல்லதே. ஆனால் அது வேலை போன பின்புதான் கிடைக்கும். குறித்த காலம் முடிந்து அனுப்பப்படுபவருக்கோ அதுவும் இல்லை. சட்டம் அதனை ஆட்குறைப்பாகவே கருதுவதில்லை.

ஸ்பெயின் நாட்டில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்படுவதற்கு முன்பே, 2018இல் தொழிற்சங்கங்கள் அரசுடன் ஒப்பந்தம் செய்தன. மூத்தோருக்கு முன்கூட்டிய ஓய்வும், இளையோருக்கு மறுபயிற்சியும் அதில் உறுதியாயின. ஓசூர்ச் சங்கங்களும் ஊதியம் பேசும்போதே பயிற்சியையும் கேட்கட்டும். நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டுமன்றி, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்தே கேட்கட்டும். ஏனெனில், சங்கத்திற்கு வெளியே நிற்பவரே முதலில் வேலையிழக்கிறார். காற்று தூய்மையாகும்போது, உழைப்பவர் வீட்டு அடுப்பும் அணையாதிருக்க வேண்டாமா? சிந்திப்போம்.