ஊசியில் நிற்கும் வேலைகள்

பின்னலையும் நூற்பையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் வீட்டில் ஒரே சமயத்தில் பல வேலைகள் அரைகுறையாக நிற்பது வழக்கம். ஊசியில் ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டர் இருக்கும். கைப்பையில் ஒற்றைக் காலுறை, கூடையில் குரோஷா போர்வைக்கான சதுரங்கள், ராட்டையின் பாபினில் பாதி நிறைந்த ஒற்றைப் புரி. இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிய பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கையில் ஓடும் வேலையை ‘விப்’ என்றும், கிடப்பில் விழுந்ததை ‘யூ.எஃப்.ஓ.’ என்றும் பின்னுவோர் பெயரிட்டிருக்கிறார்கள். தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு இது பொதுவான நிலை. இதைச் சுற்றி ஒரு நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது. தொடங்கியதை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும், நான்கைந்தைப் பரப்பி வைத்திருப்பவர் மனம் நிலைக்காதவர், நூலையும் பணத்தையும் வீணடிப்பவர் என்பது அது. பின்னாதவர்கள் சொல்வதைவிடப் பின்னுபவர்களே தங்களைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்வதுதான் அதிகம். பலர் புத்தாண்டுக்குப் புத்தாண்டு சபதம் எடுத்து, மீறி, குற்ற உணர்வோடு ஊசியை எடுக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. கைவேலையின் இயல்பை அது அறியவில்லை. வேறொரு காலத்தில் வேறொரு தேவைக்காகப் பிறந்த விதியைப் பொழுதுபோக்கின் மேல் சுமத்துகிறது.

அந்த விதி பிறந்த இடம் கூலி வேலை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டில் பின்னல் பெண்களின் பிழைப்பாக இருந்தது. வணிகர்கள் பெரும்பாலும் காசு தரவில்லை. சால்வைக்கும் காலுறைக்கும் ஈடாகத் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். இந்தப் பண்டமாற்றுக் கொடுமையை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கை 1872-இல் வெளிவந்தது. அப்படிப் பின்னிய பெண்ணுக்கு முக்கால்வாசி முடிந்த சால்வையால் ஒரு பயனும் இல்லை. கடைசிக் கண்ணியை மூடினால்தான் அடுப்பு எரியும். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கம் படைவீரர்களுக்குக் காலுறை பின்னச் சொன்னபோதும் அப்படித்தான். பதுங்குகுழியின் ஈரத்தில் நிற்கும் கால்களுக்கு ஒற்றைக் காலுறை உதவாது. இவ்விரு இடங்களிலும் முடிப்பதே அறம். அதை மறுக்க முடியாது. மாலையில் ஒரு மணி நேரம் மகிழ்ச்சிக்காக ஊசி பிடிக்கும் ஒருவரிடம் அதே கண்டிப்பைக் கேட்பதற்குத்தான் எந்த நியாயமும் இல்லை.

கூலிக்குப் பின்னியவர்களின் கையிலும் எப்போதும் ஒரே வேலை இருந்திருக்க முடியாது. ஷெட்லாந்துப் பெண்கள் எரிபொருளுக்கான பீட் கட்டிகளைக் கூடையில் முதுகில் சுமந்து நடந்தபடியே பின்னினார்கள். இடுப்பில் கட்டிய தோல் பட்டையின் துளையில் ஒரு ஊசியைச் செருகிவிட்டால், நடக்கும்போதும் கைகள் ஓடும். அதே தீவுகளில்தான் திருமண மோதிரத்துக்குள் இழுத்துவிடக்கூடிய அளவுக்கு மெல்லிய லேஸ் சால்வைகளும் உருவாயின. சுமை முதுகில் அழுத்த, காற்று முகத்தில் அறைய, அந்த லேஸைப் பின்ன யாராலும் இயலாது. வழிக்கு ஒரு பின்னல், வெளிச்சத்துக்கு ஒரு பின்னல் என்ற பகுப்பை வேலையே கேட்கிறது.

நூற்பில் இந்தக் கட்டாயம் இன்னும் தெளிவாகத் தெரியும். பெரியவர் ஒருவருக்கான நடுத்தரத் தடிமன் ஸ்வெட்டருக்குச் சுமார் 1,000 மீட்டர் நூல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது இருபுரி நூலாக இருக்கும்போது 2,000 மீட்டருக்கு மேல் ஒற்றைப் புரி நூற்க வேண்டும். பிறகு இரண்டு பாபின்களையும் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கி, அந்த 1,000 மீட்டரையும் மீண்டும் ராட்டையின் வழியாக விட வேண்டும். அதன்பின் சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் நனைத்து, தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். நூற்றவுடன் புரி துள்ளிச் சுருளும். பாபினில் ஓரிரவு கிடந்தால் முறுக்கு அடங்கிக் கைக்குப் பணியும். பலர் வேண்டுமென்றே அதைக் காக்க வைக்கிறார்கள். அதிக நாள் கிடந்தால் முறுக்கு உறங்கிவிடும். எவ்வளவு எதிர்முறுக்கு தர வேண்டும் என்பதைக் கண்ணால் மட்டும் கணிக்க முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் நூற்ற அன்றே ஒரு சாண் புரியைத் தன்மேல் தானே முறுக்கவிட்டு, மாதிரியாக ஓர் அட்டையில் சுற்றி வைக்கிறார்கள். இவ்வளவு காத்திருப்பைத் தன் உடலிலேயே கொண்ட ஒரு கைத்தொழிலில், நடுவில் வேறு ஊசியை எடுக்காதே என்பது பொருளற்ற கட்டளை. இந்தியாவின் கதர் இயக்கம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. 1924-இல் காங்கிரஸ் பொறுப்பாளர்கள் மாதம் 2,000 கெஜம் நூற்றுத் தர வேண்டும் என்று முடிவானபோது, அளவுகோலாக எடுத்தது நூலின் நீளத்தை. நூற்றவர் தன் தக்ளியிலிருந்து வேட்டியோடு எழ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அன்றாடம் நூற்பதே வேலையாகக் கருதப்பட்டது.

பின்னலும் குரோஷாவும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நிறுத்தும் முறையில் வேறுபட்டவை. ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் திறந்தே இருக்கும். ஒன்று நழுவினால் ஏணிபோலக் கீழே அவிழும். குரோஷாவில் திறந்த கண்ணி பொதுவாக ஒன்றே ஒன்று. அதில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டு எந்த நொடியிலும் எழலாம். மருத்துவமனை வரிசையில் காத்திருப்பவருக்கும், அடிக்கடி அழைக்கும் குழந்தை உள்ளவருக்கும் குரோஷா சதுரம் பொருந்தும். வரைபடம் பார்த்து ஒவ்வொரு வரிசையும் எண்ண வேண்டிய லேஸ் சால்வைக்கு வீடு அடங்கிய இரவு வேண்டும். ரயிலில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போகும் காலுறை போதும். ஏப்ரல் பிற்பகலில் மடியில் இரண்டு கிலோ கம்பளிப் போர்வையைப் பரப்பி வைக்க யாருக்கும் மனம் வராது. உடலும் இதையே கேட்கிறது. ஊசிப் பின்னல் இரு கைகளின் விரல்களையும், குரோஷா ஒரு மணிக்கட்டையும், மிதி ராட்டை கால்களையும் வேலை வாங்குகின்றன. ஒரே அசைவைப் பல மணி நேரம் செய்தால் மணிக்கட்டு வலிக்கும். வேலையை மாற்றினால் தசைக்கு ஓய்வு கிடைக்கும். ஒரே வேலை என்ற விதியைக் கடைப்பிடிப்பவர், அந்த வேலைக்குப் பொருந்தாத நேரம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். அவர் ஆண்டு முடிவில் அதிகம் பின்னியிருப்பார் என்று நினைக்கக் காரணமே இல்லை.

விதியின் பக்கம் நிற்பவர்கள் மனத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். முடியாத வேலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் வாதம். இதற்குத் துணையாகப் பேசப்படுவது பெர்லினில் ஆய்வு செய்த உளவியலாளர் ப்ளூமா ஜெய்கார்னிக் 1927-இல் வெளியிட்ட கட்டுரை. புதிர், களிமண் உருவம் போன்ற சிறு வேலைகளைக் கொடுத்து, பாதியை நடுவில் நிறுத்தினார். நிறுத்தப்பட்டவற்றையே மக்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்றார். பின்னர் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு எல்லா முறையும் அதே முடிவு கிடைக்கவில்லை. கிடைத்ததாகவே கொண்டாலும், நினைவில் நிற்பது வேறு, வருத்துவது வேறு. அந்த மனிதர்களைத் தடுத்தவர் ஆய்வாளர். பின்னுபவரோ தன் விருப்பத்தால் ஊசியை வைக்கிறார். இதைவிட நேரடியான சான்று உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. முடியாத இலக்கு மற்ற வேலையில் குறுக்கிடுவதை அவர்களும் கண்டார்கள். ஆனால் அதை எப்போது, எப்படித் தொடர்வது என்று திட்டவட்டமாக எழுதியவர்களிடம் அந்தக் குறுக்கீடு இல்லை. அவர்களும் வேலையை முடித்திருக்கவில்லை. திட்டம் மட்டுமே இருந்தது.

பின்னல் பையில் இந்தத் திட்டம் ஒரு துண்டுச் சீட்டு. ஊசியின் அளவு, நூலின் பெயரும் சாயத் தொகுதி எண்ணும், எந்த வரிசையில் நின்றது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு செய்திகள் போதும். ‘இடது கை, 46-ஆம் வரிசை, அடுத்த வரிசையில் இருபுறமும் ஒவ்வொன்று குறை’ என்று எழுதிவைத்தவர் எட்டு மாதம் கழித்துப் பையைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்தில் பின்னத் தொடங்குவார். சீட்டு இல்லாதவர் வரிசைகளை எண்ணி, குழம்பி, பையை மூடிவிடுவார். கிடப்பில் விழுந்த வேலைகளில் பல இப்படி விழுந்தவையே. குற்றம் எழுதாமல் விட்டதில் இருக்கிறது. அந்தக் குற்றத்தைப் பல வேலைகளை வைத்திருந்ததன் மேல் போட்டு வந்திருக்கிறார்கள்.

பொருள் கெடும் என்ற வாதத்தில் உண்மை கொஞ்சம் உண்டு. நீண்ட நாள் ஊசியில் நின்ற வரிசையில் கோடு விழும். கம்பளியானால் பெரும்பாலும் ஒரு முறை நனைத்து உலர்த்தினால் மறையும், கண்ணிகளைப் பருத்தி நூலில் கோத்து ஊசியை உருவிவிட்டால் விழவே விழாது. நூல் தீர்ந்து பிறகு வாங்கினால் சாயம் மாறும். முதலிலேயே முழுவதும் வாங்குவதே இதற்கு வழி. ஒரே மூச்சில் பின்னுபவருக்கும் நூல் தீரத்தான் செய்யும். கையின் இறுக்கம் மாதங்களில் மாறும் என்பது இவற்றில் கனமான குறை. முன்பகுதி தளர்ந்தும் பின்பகுதி இறுகியும் வந்தால் ஸ்வெட்டர் கோணும். திரும்ப எடுக்கும்போது பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று பழைய பகுதியில் எண்ணி, சில வரிசை பின்னிப் பார்த்து, தேவைப்பட்டால் ஊசியின் அளவை மாற்ற வேண்டும். பூச்சி விஷயத்தில் அலட்சியம் கூடாது. அந்துப்பூச்சியின் புழு கம்பளியிலுள்ள கெரட்டினைத் தின்பது. யாரும் அசைக்காத இருட்டே அதற்குப் பிடித்த இடம். முடிந்த ஸ்வெட்டரும் அலமாரியில் மூன்று கோடை கிடந்தால் அதையும் தின்னும். மாதம் ஒரு முறை எல்லாப் பைகளையும் திறந்து உதறி வெளிச்சத்தில் பார்ப்பவரின் அரைகுறை வேலை, திறக்காத பெட்டியிலுள்ள முழு வேலையைவிடப் பத்திரமாக இருக்கும்.

விதி தன்னைத் தானே தோற்கடிக்கும் இடம் காலுறை. முதல் காலுறையோடு புதுமை தீர்ந்து, இரண்டாவதைத் தொடவே மனம் வராத நிலையைப் பின்னுவோர் ‘இரண்டாம் காலுறை நோய்’ என்பார்கள். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் இரண்டையும் சேர்த்துத் தொடங்குவது. நீண்ட வட்ட ஊசியில் இரண்டு காலுறைகளும் வரிசைக்கு வரிசை அருகருகே வளரும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டையும் பின்னும் நுட்பமும் உண்டு. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் முடிவுரைப் பகுதியில் ஒரு பெண் அப்படிப் பின்னி, ஒன்றிலிருந்து மற்றதை உருவும் காட்சி வருகிறது.

முடிக்கவே கூடாத வேலைகளும் உண்டு. அளவு தவறிய ஸ்வெட்டர், உடலை அரிக்கும் நூல், ஆசையில் வாங்கி அணிய மனம் வராத நிறம் எல்லாம் இதில் அடங்கும். இவ்வளவு பின்னிவிட்டோமே என்று அவற்றை இழுத்து முடிப்பது இழப்பின் மேல் இழப்பு. ஆர்க்ஸும் ப்ளூமரும் 1985-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வில், ஏற்கெனவே பணம் கட்டிவிட்டதாகக் கொண்ட பனிச்சறுக்குப் பயணங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதிக மகிழ்ச்சி தரும் மலிவான பயணத்தை விட்டுவிட்டு, அதிகப் பணம் கட்டியதற்காகவே மற்றதைப் பாதிக்கு மேற்பட்டோர் தேர்ந்தெடுத்தார்கள். கொடுத்த காசு திரும்பாது என்று தெரிந்தும் அதன் பின்னால் போகும் மனம் அது. பின்னலில் அந்தத் துயரத்துக்கே இடமில்லை. தைப்பவர் வெட்டிய துணியை மீண்டும் முழுத் துணியாக்க முடியாது. தச்சர் அறுத்த பலகையை ஒட்டவைக்க முடியாது. பின்னிய துணியோ ஒரு முனையை இழுத்தால் மறுபடி நூலாகிவிடும். சிட்டமாகச் சுற்றி, நனைத்து, சிறு கனம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு நீங்கி வேறொரு வேலைக்குத் தயாராகும். குரோஷாவும் அப்படியே. ரோமம் சிக்கிக்கொள்ளும் மொஹேர் போன்ற சில நூல்கள் மட்டுமே விலக்கு. இதைவிட வீண் குறைந்த கைத்தொழிலைக் காண்பது அரிது. வீணடிக்கிறார்கள் என்ற பழி இந்தக் கைத்தொழிலின் மேல் விழுந்திருப்பது மிகப் பெரிய அநியாயம்.

எத்தனை வேலை வைத்திருக்கலாம் என்பதற்குப் பொது எண் கிடையாது. பை ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று திறக்காமலே சொல்ல முடிந்தால் அந்த எண்ணிக்கை சரி. ஒரே நூலை இரண்டாம் முறை வாங்கும் நிலை வந்தால் அது கூடிவிட்டது.

ஆயுள் முடியும்போதும் ஊசியில் ஏதோ ஒன்று நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றே பின்னியவருக்கும் அந்த ஒன்று நிற்கும். அமெரிக்காவில் தோழியர் இருவர் 2022-இல் தொடங்கிய ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பு, இறந்தவர்களும் நோயால் கை இயலாமல் போனவர்களும் விட்ட வேலைகளைத் தன்னார்வலர்களிடம் சேர்த்து, கூலியின்றி முடித்துக் குடும்பத்துக்குத் திருப்பித் தருகிறது. பையை வாங்கும் தன்னார்வலர் முதலில் மாதிரித் துண்டு பின்னி, போனவரின் இறுக்கத்துக்குத் தன் கையைப் பழக்க வேண்டியிருக்கும். ஊசியின் அளவும் வரிசையின் எண்ணும் எழுதிய சீட்டு பையில் இருந்தால், அவர் நின்ற கண்ணியிலிருந்தே தொடரலாம்.