‘ஐந்து சகோதரிகள்’ யன்னலும் அஞ்சலி அரசியலும்

இங்கிலாந்தின் யோர்க் நகரப் பேராலயத்தில் ‘ஐந்து சகோதரிகள்’ என வழங்கும் யன்னலொன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட அது, ஐம்பதடிக்கு மேல் உயர்ந்த ஐந்து ஒடுங்கிய சாளரங்களைக் கொண்டது. முதலாம் உலகப் போரின்போது விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கழற்றிப் பத்திரப்படுத்தப்பட்ட அதன் கண்ணாடிகள் மீண்டும் பொருத்தப்பட்டு, அப்போரில் மாண்ட ‘பேரரசின் பெண்களுக்கு’ நினைவுச்சின்னமாக 1925 யூன் 24இல் யோர்க் கோமகளினால் திறந்துவைக்கப்பட்டன. மாண்டவருள் 1,400க்கு மேற்பட்டோரின் பெயர்கள் ஓக் மரத் தட்டிகளில் எழுதப்பட்டன.

“அழகை அழகாகவே பாருங்கள், அங்கும் அரசியலைத் தேடாதீர்கள்” என உபதேசிக்கும் நண்பர்கள் உளர். அந்த அழகை நாம் மறுக்கவில்லை. மாதா உருவமோ தேவதையோ இன்றி, சாம்பலும் பசுமையும் கலந்த வெறும் கோலங்களால் இத்துணை அமைதியை உண்டாக்கிய பழங்காலக் கைவினைஞருக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அந்த யன்னலுக்குள் அரசியலைக் கொணர்ந்தவர் நாமல்லர். ‘பேரரசு’ என்ற சொல்லை அங்கு வைத்தவர்களே கொணர்ந்தனர்.

இத்தகைய சின்னங்களில் ‘உயிரை ஈந்தனர்’ என்றெழுதுவது மரபு. ஈந்தனரா? லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள பாண்போ வெடிமருந்துத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 1916 டிசெம்பர் 5ஆந் திகதி இரவு வேலைமுறையின்போது, பீரங்கிக் குண்டுகளுக்குத் திரி பொருத்திய அறையில் ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் மாண்டனர். உடல்கள் அகற்றப்பட்டதும் அதே அறையில் வேலை தொடர்ந்தது. தணிக்கை காரணமாகச் செய்தி வெளிவரவில்லை; போர் முடிந்து ஆறாண்டுகள் சென்ற பின்னர், 1924இலேயே நடந்தது யாதென நாடு அறிந்தது. வெடிமருந்தின் நஞ்சேறித் தோலும் தலைமயிரும் மஞ்சளாகிய இத்தொழிலாளப் பெண்களைக் ‘கனேரிப் பறவைகள்’ என்று செல்லப்பெயரிட்டு அழைத்தார்கள். நோய்க்குக்கூடச் செல்லப்பெயர் சூட்டும் கலையில் ஆளும் வர்க்கத்தார் வல்லவர்! வயிற்றுப்பாட்டுக்காக ஆலை சென்றவளின் உயிரைப் பறித்துவிட்டு, அவளே கொடுத்ததாக எழுதிக்கொள்வது எவ்வகை நேர்மை?

அச்சின்னத்துக்குப் பணம் தந்தவர் யார் என்பதையும் கேட்போம். போருக்கு நாளொன்றுக்குப் பல இலட்சம் பவுண் செலவிட்ட அரசன்று. ஹெலன் லிட்டில் என்னும் பெண்மணி தொடக்கிய முயற்சிக்கு 32,000 பெண்கள் ஒன்பதே வாரங்களில் 3,000 பவுண் சேர்த்துக் கொடுத்தனர். தலைக்கு இரண்டு சிலிங்கும் வராது. மாண்ட தம் சகோதரிகளை மறவாத அந்தச் சில்லறைக் காசுகளே யன்னலின் உண்மையான ஒளி என்போம். அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. பெண்கள் கொடுத்த காசில் எழுந்த சின்னத்தின் திரையைக் கோமகள் ஒருவர் விலக்க, மரியாதை செய்த பெருமை பேரரசுக்குப் போய்ச் சேர்ந்ததே, அதைத்தான் வினவுகிறோம்.

அப்பேரரசு உயிரோடிருந்த பெண்களுக்குச் செய்ததென்ன? 1919இல் நிறைவேறிய சட்டமொன்று போருக்கு முந்திய தொழில் நடைமுறைகளை மீட்டது. ஆலைகளில் ஆண்களின் இடத்தை நிரப்பிய பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1918ஆம் ஆண்டுச் சட்டம், போர்ப் பணியாற்றிய ஆணுக்குப் பத்தொன்பது வயதிலேயே வாக்களிக்க இடமளித்தது. பெண்ணுக்கோ முப்பது வயது வேண்டும். அதற்கு மேற் சொத்துத் தகுதியும் வேண்டும். குண்டு நிரப்பிய கைகளுட் பெரும்பாலானவை முப்பதைக் காணாத கைகள். ஆணுக்குச் சமமான வாக்கு அவர்களை வந்தடைந்தது 1928இல். (அதே பேரரசின் குடிகளான நம் இலங்கைப் பெண்கள் 1931 வரை காத்திருந்தனர்.)

ஆகவே 1925இல், அந்த யூன் நாளில், பாண்போவில் உயிர்தப்பிய இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி யோர்க் பேராலயத்துக்கு வந்திருப்பாளாயின், தன் தோழியரின் பெயர்களைத் தட்டிகளில் அவள் வாசித்திருக்கலாம். வாக்காளர் இடாப்பிலோ அவளுடைய பெயர் இராது.