வேலி வழக்கு

எம்மவர் வேலியின் அருமை அறிந்தவர்கள். ஒரு சாண் நிலம் அயலான் பக்கம் சாய்ந்துவிட்டதென்றால் நில அளவையாளரை அழைப்பர். உறுதியைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் ஓடுவர். தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்தி முடிப்பதும் உண்டு. நீதிமன்ற வாசலிலே காலங் கழிக்கும் நாம் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எல்லை தெரியாத காணி நெடுநாள் நம் கையில் நில்லாது என்ற அறிவு அதில் அடங்கியிருக்கின்றது. ஆனால், கதியால் நட்டுக் காணியைக் காக்கும் அதே வீட்டில், நள்ளிரவு கடந்தும் பிள்ளையின் போர்வைக்குள் ஓர் ஒளி எரிந்துகொண்டிருக்கின்றதே, அந்த எல்லையைக் காப்பவர் யார்?

சென்ற மாதம் தாயொருவர் எமது காரியாலயத்துக்கு வந்தார். கணவர் மத்திய கிழக்கிலே உழைக்கின்றார். மகனுக்கு 16 வயது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கின்றன. இரவு 2 மணிவரை கைத்தொலைபேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. காலையில் எழுப்பினால் எரிந்து விழுகின்றான். பறித்து வைத்தால் உண்ண மறுக்கின்றான். "இதைத் தடுக்க ஒரு சட்டம் இல்லையா, ஐயா?" என்று அவர் கேட்டார். "இருக்கின்றது, அம்மா. அதை இயற்ற வேண்டியவர் நீங்கள்" என்றோம். ஏமாற்றத்தோடு எழுந்து சென்றார். அன்று அவருக்கு முழுமையாகச் சொல்ல முடியாமற் போன விடையையே இங்கு எழுதுகின்றோம்.

இந்தக் கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்காகப் பெற்றோரைக் குற்றக் கூண்டில் நிறுத்த நாம் விரும்பவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் அதை வாங்கிக் கொடுத்தவர்கள் பிள்ளையின் கல்விக்காகவே கொடுத்தனர். பின்னர் பாடசாலைகள் திறந்தன. பாடம் கட்டடத்துக்குள் திரும்பிச் சென்றது. கருவி மட்டும் பிள்ளையின் தலையணையின் கீழ்த் தங்கிவிட்டது. புத்தகமாக வந்த பொருள் கடைத்தெருவாக மாறியதை நாம் கவனிக்கத் தவறினோம். அதுவே நம் பிழை.

கடைத்தெரு என்று ஏன் சொல்கின்றோம்? பப்ஜி, பிறீ பயர் போன்ற விளையாட்டுகளைக் கைத்தொலைபேசியில் இறக்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை. இலவசமாகக் கொடுப்பவன் எதை விற்றுப் பிழைக்கின்றான்? வீரனுக்கு உடை, துப்பாக்கிக்கு வண்ணம், உள்ளே என்ன இருக்கின்றதென்று திறக்கும்வரை தெரியாத பரிசுப் பெட்டி ஆகியவற்றை விற்கின்றான். இவை விலைப்பட வேண்டுமானால் பிள்ளை நாள்தோறும் வர வேண்டும். வந்தவன் போகாதிருக்க வேண்டும். அதற்காகவே தினமும் வருபவனுக்கு ஒரு வெகுமதி, தவறினால் ஓர் இழப்பு, குறித்த காலத்துள் எட்டினாலன்றிக் கிட்டாத ஒரு பதவி என்று விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நண்பர் நால்வர் அணிசேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கவும் வழியில்லை; எழுந்து போனவன் தோழரைக் கைவிட்டவனாகின்றான். ஆகவே, பிள்ளைக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று நாம் வாதாடிக்கொண்டிருப்பது வீண். அவனுடைய இரவுக்கு வேறொருவன் முன்னரே சட்டம் இயற்றிவிட்டான். இனி யாருடைய சட்டம் அந்த வீட்டில் நடப்பது என்பதே வழக்கு.

நாட்டுச் சட்டத்தின் நிலையையும் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இந்நாட்டிற் பராயமடையும் வயது 21இலிருந்து 18 ஆக்கப்பட்டது. அவ்வயதை எட்டாதவர் பாதுகாவலரின் துணையின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. உரோமன் டச்சுச் சட்டம் நமக்குத் தந்த பாதுகாப்பு இது. 16 வயதுப் பிள்ளை தனியே வந்து ஒரு பரப்புக் காணியை விற்கின்றேன் என்றால் எந்த நொத்தாரிசு உறுதி எழுதுவார்? அதே பிள்ளை நள்ளிரவில், ஒருவரும் வாசித்து முடித்திராத நிபந்தனைகளின் கீழே 'ஏற்றுக்கொள்கின்றேன்' என்ற இடத்தில் விரலை ஒற்றினால், அதை ஒப்பந்தம் என்று கொண்டாடுகின்றனர் கம்பனிக்காரர்!

"பிள்ளையைக் கட்டுப்படுத்தும் வசதிகளை நாம் கொடுத்திருக்கின்றோம், பயன்படுத்தாதது பெற்றோரின் குற்றம்" என்பது அவர்களுடைய வாதம். வசதிகள் உண்டு, அவற்றைப் பெற்றோர் பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் வாதாடுபவரின் கை சுத்தமானதா? போட்நைற் என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பனி, 2022 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவோடு 52 கோடி டொலருக்கு இணக்கங் கண்டது. 13 வயதை எட்டாத சிறுவரின் விபரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டியதென்ற குற்றச்சாட்டுக்கு 27.5 கோடி, குழப்பமான பொத்தான்களை அமைத்து, விளையாடுவோரை வேண்டாத பொருள்களை வாங்கச் செய்ததென்ற குற்றச்சாட்டுக்கு 24.5 கோடி. பொறி வைத்தவனே, "கண்ணைத் திறந்து நடக்கத் தெரியாதா?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு சாரார், "எல்லாவற்றையும் அரசாங்கம் தடை செய்யட்டும்" என்பர். தடை செய்த நாடுகளைப் பார்ப்போம். தென் கொரியா 2011இல், 16 வயதுக்குக் குறைந்தோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணையவழிக் கணினி விளையாட்டில் ஈடுபடலாகாதென்று சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள இலக்கத்தைக் கொண்டு உள்ளே நுழைந்தனர். ஆட்டம் கைத்தொலைபேசிக்கு நகர்ந்தது. சட்டமோ கணினியோடு நின்றது. பத்தாண்டு கழிந்து, 2021இல், அரசே அதைக் கைவிட முடிவு செய்தது. சீனா 2021 ஆகஸ்டில், 18 வயதை எட்டாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இரவு 8 மணிமுதல் 9 மணிவரை மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்று விதித்தது. அங்கும் பெரியவர்களின் கணக்கு பிள்ளைகளுக்குக் கள்ளத் திறப்பாயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் மாலைப் பொழுதையும் தலைநகரில் இருந்து அளந்து கொடுக்கும் அதிகாரத்தை எந்த அரசாங்கத்துக்கேனும் எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமா? இன்று விளையாட்டை அளக்கும் கோல் நாளை வாசிப்பையும் அளக்கும்.

அரசு செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டு. அது வியாபாரியைக் கட்டுவது. 16 வயதுக்குக் குறைந்தோரின் சமூக ஊடகக் கணக்குகள் பற்றி அவுஸ்திரேலியா 2024இல் இயற்றி, 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் எல்லா அம்சங்களும் எமக்கு உடன்பாடல்ல. ஆயினும் அதில் ஒரு நேர்மை இருக்கின்றது. 4.95 கோடி அவுஸ்திரேலிய டொலர்வரையான தண்டம் கம்பனிக்கே. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை.

"பிள்ளைக்கு உரிமை இல்லையா?" என்று கேட்கும் அன்பரும் உளர். உண்டு. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கின்றது. 12ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் அதன் கருத்துக்குச் செவிசாய்க்கச் சொல்கின்றது. அதே சமவாயத்தின் 5ஆம் உறுப்புரை, பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கேற்ப அதனை வழிநடத்தும் பொறுப்பும் உரிமையும் கடமையும் பெற்றோருடையவை என்கின்றது. இம்மூன்றையும் சேர்த்து வாசிப்பவர்க்கு ஐயம் எழாது. விளையாட்டு உரிமை, எல்லையும் உரிமையே.

விளையாடும் பிள்ளைகள் அனைவரும் நோயாளிகள் என்று நாம் கூச்சலிடவில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இவ்விளையாட்டுக் கோளாறும் இடம்பெறுகின்றது. ஆயின் ஆட்டத்தின்மேற் கட்டுப்பாட்டை இழத்தல், மற்றெல்லாக் கடமைகளுக்கும் மேலாக அதனை வைத்தல், தீங்கு கண்டபின்னும் தொடர்தல் ஆகியவை வழமையாக 12 மாதங்களாவது நீடித்து வாழ்வைக் கெடுத்தாலன்றி அது நோயெனக் கொள்ளப்படுவதில்லை. அத்தகைய பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள், பிரம்பைத் தேடாதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டியது வேலி.

இனி நம்மை நாமே கூண்டில் ஏற்றுவோம். நம் வீடுகளில் நடப்பது சட்டத்தின் ஆட்சியா? பல நாள் கண்டுங் காணாமல் இருக்கின்றோம். பரீட்சைப் புள்ளி வந்த அன்று அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கின்றோம். விசாரணை இல்லை, கருவி பறிமுதல், சில வீடுகளில் அது சுவரில் மோதிச் சிதறுகின்றது. மூன்றாம் நாள் கண்ணீருக்கு இரங்கி எல்லாவற்றையும் இரத்துச் செய்கின்றோம். அவசரகாலச் சட்டம் மனிதரைத் திருத்தாது, மறைப்பதிற் கெட்டிக்காரராக்கும் என்பதை அதன்கீழ் வாழ்ந்து பழகிய நமக்கா பிறர் சொல்லித் தரவேண்டும்? சோற்றுக் கோப்பைக்கு அருகே கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து முகநூல் பார்க்கும் தந்தை, எந்த வாயால் மகனைப் பார்த்து "வை கீழே" என்பார்? சட்டம் இயற்றியவனையும் கட்டாத சட்டத்தை எந்தக் குடிமகனும் மதிப்பதில்லை, பிள்ளையும் மதியான்.

இதனினும் பெரிய குற்றமொன்று நம்மேல் உண்டு. விடியுமுன் ரியூசன், பகலிற் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன் என்று நேர அட்டவணை வகுத்தோம். பந்தடித்த வெளிகளில் வீடு எழும்பியபோது பேசாதிருந்தோம். பிள்ளையின் நாளில் அவனுக்கென்று நாம் விட்டுவைத்தது நள்ளிரவு ஒன்றே. அந்த நள்ளிரவிற் கம்பனிக்காரன் கடை விரித்தான். பிள்ளையிடமிருந்து விளையாட்டை முதலிற் பறித்தவர் நாம். அவன் அதைத் திரும்ப விற்கின்றான்.

ஆதலால் வீட்டுச் சட்டம் எப்படி அமைய வேண்டும்? அது முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். பிள்ளையையும் அருகிருத்திப் பேசி எழுத வேண்டும். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் வேண்டுமென்பது உறக்க மருத்துவ அறிஞரின் விதந்துரை. எனவே இரவில் ஒரு நேரம் குறித்து, அதன்பின் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும், தந்தை தாயினுடையனவும் உட்பட, பொது அறையில் ஓரிடத்தில் இருக்கட்டும். ஆட்டத்துக்கு நாளும் நேரமும் குறியுங்கள். ஆனால் நடு ஆட்டத்திற் பறிக்காதீர்கள், "இது கடைசி ஆட்டம்" என்று முன்னரே எச்சரியுங்கள். பணம் செலுத்தும் வழி பெற்றோரின் கையில் மட்டும் இருக்கட்டும். மீறினால் என்ன நேரும் என்பதும் முன்பே தெரிந்திருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, வயதுக்கேற்பச் சட்டத்தைத் தளர்த்துங்கள்; தளருமென்று தெரிந்த எல்லையைப் பிள்ளை மதிப்பான். கடல் கடந்து உழைக்கும் தந்தைக்கும் இதிற் பங்குண்டு. மகன் குரலைக் கேட்க வைப்பதே அக்கருவிதான் என்பதால் அதை வீட்டைவிட்டு ஒழிக்க முடியாது. ஆனால் அதே கருவியில் அவர் வாரந்தோறும் மகனோடு பேசி, தாயிட்ட எல்லையே தம் எல்லை என்று சொல்லலாம்.

தனி வீட்டு வேலியும் போதாது. "கூட்டாளிகள் எல்லாரும் ஆடுகின்றார்கள்" என்பதே பிள்ளையின் வலிமை மிக்க வாதம், அது பொய்யுமல்ல. ஆகவே ஓர் ஒழுங்கையிலுள்ள பெற்றோர் ஒன்றுகூடி ஒரே நேரத்தை வகுக்கட்டும். சனசமூக நிலையங்கள் மாலையிற் பூட்டிக் கிடவாமல் பந்தும் வலையும் கேரம் பலகையும் கொண்டு திறக்கட்டும். வாரத்தில் ஒரு மாலையேனும் ரியூசன் இல்லாத மாலையாக விடப்படட்டும். எடுத்த பொழுதுக்கு ஈடாக வேறு பொழுதைக் கொடாதவனுக்கு எடுக்கும் உரிமையும் இல்லை.

அந்தத் தாய்க்கு மீண்டும் சொல்கின்றோம்: அம்மா, உங்கள் வழக்கை எந்த நீதிமன்றத்திலும் பதிய வேண்டியதில்லை. உறுதி உங்கள் பெயரில் இருக்கின்றது, காணியும் உங்களுடையதே. கதியாலை நடுங்கள். ஆனால் அடைக்குமுன் ஒரு படலை வைக்க மறவாதீர்கள். ஒரு நாள் உங்கள் மகன் அதைத் தன் கையாலே திறந்து, தன் எல்லையைத் தானே வகுக்கும் மனிதனாய் வெளியே செல்ல வேண்டும். நாம் வேலி போடுவது அந்த நாளுக்காகவே.