முன்னாய்வு மதிப்பீடு நூற்பட்டியல் அன்று

ஆங்கிலத்தில் இலக்கியத்தைக் குறிக்கும் சொல்லே, ஒரு துறையில் அதுவரை வெளிவந்த நூல், கட்டுரை, ஆய்வேடு அனைத்தையும் குறிக்கும். இவ்விரண்டாம் பொருளை நோக்காது, முதற்பொருளையே பற்றிக்கொண்டு 'இலக்கிய மீளாய்வு' என்றொரு தொடரைச் சிலர் ஆக்கிவிட்டனர். பொருளியலிலும் மண்ணியலிலும் முதுகலை ஆய்வேடு எழுதுவோர்கூடத் தம் ஏட்டில் ஓர் இயலுக்கு அப்பெயரையே சூட்டுகின்றனர். மண்ணியலுக்கு இலக்கியம் ஏது?

பெயர் பிழைத்தால் பணியும் பிழைக்கும். "இன்னார் இன்ன ஆண்டில் இன்னது கூறினார்" என்று முப்பது பெயர்களை அடுக்கிவிட்டால் அவ்வியல் முடிந்தது என்று மாணாக்கர் கருதுகின்றனர். அவருள் யார் கூற்றுக்குச் சான்று உண்டு, யார் யாரோடு மாறுபட்டார், எவ்வினா இன்னும் விடையின்றிக் கிடக்கின்றது என்பவற்றுள் ஒன்றேனும் அங்கு இராது. 'முன்னாய்வு மதிப்பீடு' எனின், செய்யவேண்டியது இன்னதெனப் பெயரே உணர்த்திவிடும்.

இம்மதிப்பீடு தமிழர்க்குப் புதிதன்று. நூல் செய்வோன் கொள்ளத்தகும் கொள்கை ஏழு என்று வகுத்தது நன்னூல். பிறர் கூற்றுக்கு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றங் காட்டல் என ஏழனுள் ஐந்து, பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணர் உரையை எடுத்துக்காட்டிக் கரணியம் கூறி மறுத்தார். அச்சேனாவரையரையும் பின்வந்த நச்சினார்க்கினியர் பல இடங்களில் மறுத்தார். முன்னோரைப் போற்றுதலும் அவர்தம் கூற்றை ஆராய்தலும் ஒன்றோடொன்று முரணா.

இன்று இப்பயிற்சி முன்னினும் இன்றியமையாதது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே படிக்கட்டாக இருந்தது ஆய்வியல் நிறைஞர் பட்டம். பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை அதனை நிறுத்திவிட்டது. ஆகவே, முதுகலையில் மாணாக்கர் தாமே முயன்று எழுதும் சிற்றாய்வேடே பெரும்பாலோர்க்கு முதற்பயிற்சிக் களம். அங்குக் கல்லாததை முனைவர் ஆய்வில் திடுமெனக் கற்றல் அரிது.

மாணாக்கர் மேற்கோளை மற்றொருவர் நூலினின்று பெயர்த்தெழுதாது மூலநூலிற் காண்க. படித்த ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தாள் வைத்து, அதன் முடிவு, முடிவுக்குக் காட்டிய சான்று, சான்றின் குறை ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்க. பின்னர்த் தாள்களை ஆண்டு முறையில் அடுக்காது, வினா முறையில் அடுக்குக. எவ்வினாவின்கீழ்த் தாள் குறைகின்றதோ அங்கே தம் ஆய்வுக்கு இடம் உண்டா என நோக்குக.

நெறியாளரும் பக்கங்களை எண்ணுதல் தவிர்த்து, "இவருள் யாரை மறுக்கின்றாய்? ஏன்?" என்று வினவுக. அவ்வினாவுக்கு அஞ்சாது விடை கூறும் மாணாக்கரே ஆய்வாளர், ஏனையோர் படியெடுப்போரே.