ஜீப்பின் நாடி

1940-களின் இறுதியில் மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வம்சத்தார்க்கு அஞ்செட்டி மலைப்பாதை பெரிதல்ல. ஆயினும் காட்டு நடுவே நின்றுவிட்டால் ஓசூர்ப் பட்டறை எட்டாது. ஆகவே பெட்ரோல் ஜீப்பின் நாடியை உடையவரே பார்க்கக் கற்பது நலம் என்போம்.

சாவியைத் திருப்பியதும் முன்விளக்கு மங்கி, ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று நின்றால், புதுப் பாட்டரிக்குப் பறக்க வேண்டாம். பாட்டரி முனைகளையும், எஞ்சினைச் சேஸிஸோடு பிணைக்கும் ‘எர்த்’ பட்டையையும் தொட்டுப் பாருங்கள். சுடுகிற மூட்டே குற்றவாளி. போன மின்சாரம் திரும்பிவர வழி வேண்டுமன்றோ? பாட்டரி இணைப்பைக் கழற்றிய பின், துருவைச் சுரண்டி இறுக முடுக்குங்கள். சூடே இல்லையேல் பாட்டரியைச் சோதிக்கலாம்.

எஞ்சின் நன்கு சுழன்றும் பற்றவில்லையா? முதலில் பிளக்கில் பொறி. பிறகே பெட்ரோல் குழாய். முறை மாறினால் நெருப்பு வண்டியையே பற்றும்.