கூடாரம் காரில் இருக்கிறது, இடம்?

வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் அழைத்தார். "அக்கா, ஸ்கூல் லீவு விட்டாச்சு. கூடாரம் வாங்கிட்டோம், பிள்ளைங்க கார்ல ஏறி உட்கார்ந்தாச்சு. மஸ்ஜித் தானா பக்கம் புக்கிங் பண்ணாம எங்க தங்கலாம்?"

ஒரு பாடலைப் போட்டுவிட்டு யோசித்தேன். யோசிக்க எனக்குக் காரணம் இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத விடுமுறையில் நாங்களும் இப்படித்தான் கிளம்பினோம். சிம்பாங் அம்பாட் டோலைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது. பெங்காலான் பாலாக் கடற்கரையில் பார்த்த இடமெல்லாம் கூடாரம். கடைசியில் ஒருவர் தண்ணீருக்கு அருகே இருந்த ஒரு மூலையைக் காட்டி இருபது ரிங்கிட் வாங்கினார். ரசீது இல்லை. பெயர், தொலைபேசி எண் எதுவும் கேட்கவில்லை. அடடா, எவ்வளவு சுலபம் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

விடியற்காலை நான்கு மணிக்குக் காற்று வந்தது. சுமத்ராவில் உருவாகி நீரிணையைக் கடந்து வரும் புயல்காற்று அது. ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பெரும்பாலும் விடிவதற்கு முன், நம் மேற்குக் கரையைத் தாக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கூடாரத்துக்கு அதுவே அதிகம். அன்று பௌர்ணமியை ஒட்டிய நாள் வேறு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்று நம் பாட்டிகளுக்கே தெரியும், எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினோம். செருப்புகளும் அடுப்பும் கடலோடு போயின.

காருக்குள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: நாங்கள் அங்கே இருப்பது யாருக்குமே தெரியாது.

2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலை பத்தாங் காலியில் ஒரு பண்ணையின் முகாம் தளத்தின் மீது மலைச்சரிவு இறங்கியது. அங்கே இருந்தவர்கள் 92 பேர். இறந்தவர்கள் 31 பேர், அவர்களில் குழந்தைகளும் உண்டு. உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு ஆரம்பத்தில் மாறிக்கொண்டே இருந்தது. கடைசி உடல் கிடைத்தது டிசம்பர் 24இல்தான். பண்ணை நடத்த உரிமம் இருந்த அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை. அங்கே சென்ற குடும்பங்கள் பணம் கட்டித்தான் போயிருந்தன. ஆகவே புக்கிங் செய்தாலே பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இடத்துக்கு உரிமம் உண்டா, நம் பெயர் பதிவேட்டில் ஏறுகிறதா என்று கேட்பதுதான் முக்கியம். கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சுவீடனில் நாட்டுப்புறத்தில், யாருடைய வீட்டுக்கும் அருகில் இல்லாவிட்டால், ஓரிரவு எங்கும் கூடாரம் போடலாம். அது மக்களின் பழைய உரிமை. நம் காடு அப்படியில்லை. நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எனவே சுங்கை ஊடாங் காட்டுப் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

கடற்கரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பெங்காலான் பாலாக் அருகே பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் உள்ளது. இந்தக் கரைகளுக்கு அழுங்காமைகள் இரவில் முட்டையிட வருகின்றன. அதுவும் நம் பள்ளி விடுமுறை வரும் அதே மாதங்களில். விளக்கையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம். குஞ்சுகளோ வெளிச்சம் உள்ள திசைதான் கடல் என்று நம்பி, நம் கூடார விளக்கை நோக்கி நடக்கும். காலியாகத் தெரிகிற மணல் உண்மையில் காலியாக இல்லாமல் இருக்கலாம்.

பாடல் முடிந்தது. நேயர் இன்னும் காத்திருந்தார். நான் சொன்னேன்: "அண்ணா, இன்னிக்கு ராத்திரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்க, கூட்டம் கிளம்பிடும், முன்பதிவு இல்லாமலே இடம் கிடைக்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே போய், மணல்ல காய்ஞ்ச பாசியும் குப்பையும் கோடு மாதிரி கிடக்குற இடத்தைப் பாருங்க. அலை அது வரைக்கும் வந்திருக்கு. அதுக்கு நல்லா மேலே போடுங்க. சிவப்பு விளக்கு எடுத்துக்கங்க. வீட்டுல ஒருத்தருக்கு லொகேஷன் அனுப்பிடுங்க."

"அப்ப இன்னிக்கு ராத்திரி பிள்ளைங்களுக்கு என்ன சொல்றது, அக்கா?"

"வரவேற்பறையில கூடாரத்தைப் போடுங்க."

பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. சந்தோஷமா, கோபமா என்று தெரிவதற்குள் செய்தி நேரம் வந்துவிட்டது.